குளத்து மீன் ஏன் விடியும் வேளையில் சாகிறது? – வாசகர் கேள்வி-பதில்

கச்சான் காற்று வீசி நீர் வற்றத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி மீன் செத்து மிதப்பதைப் பற்றியவையாகிவிடும். இம்முறையும் அப்படியே.

எங்கள் ஊர்க் குளத்தில் ஒரே இரவில் மீன்கள் செத்து மிதந்தன. பக்கத்து ஊரவர் நஞ்சு கலந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எப்படி அறிவது, ஐயா?
– தம்பலகாமம் வாசகர்

பழி சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். முந்தின நாள்களில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் இருந்ததா? விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவா? பெரிய மீன்கள் முதலில் செத்தனவா? விரால் தப்பியதா? ஆம் என்றால் அது மூச்சுத் திணறலாகவே இருக்கும். நஞ்சு பொழுது பார்த்து வராது; பெரும்பாலும் குஞ்சுகளைத்தான் முதலில் கொல்லும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகிற மீன். நீரில் ஒட்சிசன் தீர்ந்தாலும் அது சமாளிக்கும்; நஞ்சு என்றால் அதற்கும் சாவுதான்.

பகலில் பாசி வெயிலைக்கொண்டு ஒட்சிசனை வெளிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அதே பாசி மீனோடு போட்டி போட்டு ஒட்சிசனை உறிஞ்சுகிறது. இரவு முழுவதும் செலவு மட்டுமே, வரவு இல்லை. சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் கையிருப்பு ஆகக் குறைவு. ஒரு லீற்றர் நீரில் 5 மில்லிகிராம் ஒட்சிசன் இருந்தால் பெரும்பாலான மீன்கள் நலமாக இருக்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாங்கமாட்டா. பாசியை இப்படிப் பெருக்கியது வயலிலிருந்து வடிந்த பசளையும், மாட்டுச் சாணமும், கரையில் கொட்டிய குப்பையும். அதில் உங்கள் ஊரின் பங்கும் இருக்கிறது என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

நகரத்து வாய்க்கால் கறுத்து, அழுகிய முட்டைபோல் நாறுவது ஏன்?
– திருகோணமலை வாசகர்

கழிவைத் தின்னும் பற்றீரியாக்களுக்கும் மூச்சு வேண்டும். ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. நம் ஊர் வெப்பத்தில், 30 பாகையில், ஒரு லீற்றர் நன்னீரில் கரைந்திருப்பது ஏழரை மில்லிகிராம்தான். வீட்டுக் கழிவுநீர் ஒரு லீற்றரைச் செரிக்கவோ ஐந்து நாளில் 200 மில்லிகிராம் வரை தேவைப்படும். அதாவது ஒரு வாளிக் கழிவுநீர் இருபத்தைந்து வாளி நல்ல தண்ணீரின் மூச்சை நிறுத்திவிடும். ஒட்சிசன் தீர்ந்தபின் வேறுவகைப் பற்றீரியாக்கள் நீரிலுள்ள சல்பேற்றைப் பயன்படுத்துகின்றன. அப்போது வரும் வாயுவின் நாற்றம்தான் அது. சேற்றிலுள்ள இரும்போடு அந்த வாயு சேரும்போது கறுக்கிறது. கடல்நீரில் சல்பேற்று மிகுதி என்பதால் கடலோர வாய்க்கால்கள் இன்னும் மோசமாக நாறும்.

இவ்வளவு ஆழமான கடல் இருக்க, கழிவு என்ன செய்துவிடும்?
– கிண்ணியா வாசகர்

கொட்டியாரக் குடா ஆழமானது, வாய் அகன்றது. உங்கள் பாலத்துக்கு உட்புறமுள்ள தம்பலகாமக் குடாவோ ஆழமற்றது, நீர் வந்துபோக ஒடுங்கிய வழியே உண்டு. உள்ளே போட்டது நெடுநாள் உள்ளேயே கிடக்கும். கடலை நினைத்துக் களப்பைக் கைவிடாதீர்கள்.

ஆற்றுவாழை தண்ணீரைச் சுத்தப்படுத்தும் என்கிறார்களே?
– கந்தளாய் வாசகர்

பசளைச் சத்தை உறிஞ்சும், உண்மை. ஆனால் குளத்தை மூடிவிட்டால் காற்றும் வெயிலும் உள்ளே போகாது. அழுகினால் அதுவே கழிவு. அள்ளிக் கரையேற்றினால்தான் பயன்.

ஒட்சிசனை மாணவர்கள் அளக்க முடியுமா?
– மூதூர் ஆசிரியர்

முடியும். ஹங்கேரிய இரசாயனவியலாளர் விங்க்ளர் 1888இல் தந்த முறை இன்றும் போதும். காற்றுக்குமிழ் இல்லாமல் போத்தலை நிரப்பி, மங்கனீசு சல்பேற்றையும் அயடைட்டுக் கலந்த காரக் கரைசலையும் சேர்க்க வேண்டும். ஒட்சிசன் இருந்தால் கபில நிறத்தில் வீழ்படிவு இறங்கும். இல்லையென்றால் அது வெள்ளை. ஒருமுறை வாய்க்கால் நீரில் செய்தபோது, அரைத்த தேங்காய்ப்பூப்போல் வெண்மையாகவே இறங்கியது. போத்தலைச் சுற்றி நின்ற பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. காரம் கையைப் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

செத்து மிதக்கும் மீனைச் சமைக்கலாமா?
– குச்சவெளி வாசகர்

வேண்டாம். எப்போது செத்தது, எதனால் செத்தது என்று பார்வையால் சொல்ல முடியாது. அள்ளி, குளத்துக்குத் தொலைவில் ஆழமாகப் புதையுங்கள். தண்ணீரில் விட்டால் அழுகி, மிச்சமிருக்கும் ஒட்சிசனையும் தின்றுவிடும்.