லவ் பேர்ட்ஸ் ஜோடி முட்டை போடலன்னா என்ன பண்றது?

லவ் பேர்ட்ஸ் கூண்டுல முட்டை போட பானை கட்டி பல மாசமாச்சு, இன்னும் முட்டை போடலன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல அது ரெண்டும் நிஜமாவே ஆண் பெண் ஜோடிதானான்னு பாருங்க. நம்ம ஊர் கடையில லவ் பேர்ட்ஸ்னு குடுக்கறது பட்ஜிங்கற சின்ன கிளி வகை, அதுல மூக்கு ஓட்டைய சுத்தி இருக்கற சதை வளர்ந்த ஆணுக்கு நீலமா இருக்கும், பெண்ணுக்கு முட்டை போட ரெடியானா காப்பிப்பொடி கலர்ல சொரசொரன்னு ஆகிடும் (முழு மஞ்சளான லூட்டினோ, முழு வெள்ளையான அல்பினோ வகை ஆணுக்கு பிங்க்கா இருக்கும், கடைக்காரரே இதுல குழம்புவார்).

வயசு 10-12 மாசமாவது ஆகட்டும். தினை மட்டும் போட்டா பத்தாது, முளைகட்டின பயறு, முருங்கைக்கீரை, வாரத்துல ரெண்டு நாள் அவிச்ச முட்டை குடுங்க, கால்சியத்துக்கு கடல் நுரை (கணவாய் மீன் ஓடு) கண்டிப்பா கூண்டுல தொங்கணும், கால்சியம் இல்லன்னா முட்டை உள்ளயே சிக்கி பெண் செத்துக்கூட போயிடும். பானைய கூண்டுல உயரமா, வெளிச்சம் கம்மியான மூலையில கட்டுங்க.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் 4-6 முட்டை வரும், ஒவ்வொண்ணும் 18 நாள்ல பொரியும், அதான் ஒரே பானையில பெருசும் சிறுசுமா குஞ்சு இருக்கும், கடைசிக் குஞ்சுக்கு கழுத்தடியில இருக்கற இரைப்பை நிறைஞ்சிருக்கான்னு மட்டும் தினமும் ஒரு தடவை எட்டிப் பாருங்க. சுமார் 5 வாரத்துல வெளிய வரும். ரெண்டு ஈடு (ரெண்டு தடவை முட்டை போட்டு குஞ்சு வளர்த்தது) முடிஞ்சதும் பானைய எடுத்துடுங்க, இல்லன்னா பெண் ஓய்வில்லாம போட்டுட்டே இருக்கும்.

பச்சைக்கிளி வளர்க்கலாமான்னும் கேட்டீங்களே, அது வேண்டாம், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வீட்டுல வளர்க்கறதே குற்றம்.