நடந்தபடி பிஸ்டல் சுடுவது: கேள்வி பதில்

சுவிசில் இருந்த காலத்தில் ஐ.பி.எஸ்.சி. முறைப் போட்டிகளில், அதாவது நேரத்தோடு போட்டியிட்டு இடம் மாறி மாறிச் சுடும் பிஸ்டல் போட்டிகளில், பதினொரு வருடம் சுட்டவன். இப்போது கல்லடியில் ஓய்வு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடித் தம்பி, இப்போது பேர்ணில்: மாமா, நின்று சுட்டால் சரியாக விழுகிறது. நடந்தால் முன்குறி, அதுதான் குழல் நுனியில் குறிபார்க்கும் முனை, துள்ளுகிறது.

முழங்காலை விறைப்பாக வைத்து நடக்கிறீர்கள். இரண்டையும் கொஞ்சம் மடக்கி, அடியைச் சுருக்கி, குதியை முதலில் வைத்துப் பாதத்தை விரல்வரை உருட்டுங்கள். பின்னே போகும்போது விரல்நுனி முதலில். இடுப்புக்கு மேலே உடம்பு இலக்கைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். விளிம்புவரை தேத்தண்ணி ஊற்றிய கோப்பையை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு திண்ணையிலிருந்து கிணற்றடிவரை நடந்து பாருங்கள். முதல் நாள் எனக்குப் பாதி சாரத்தில்தான். அப்புறமும் முன்குறி கொஞ்சம் ஆடும், ஆடட்டும். இலக்கின் நடுவுக்குள் ஆடும்போதே விசையை மெதுவாக அழுத்துங்கள். ஆட்டம் நிற்கட்டும் என்று காத்திருந்தால் விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவீர்கள்.

காத்தான்குடி: காக்கா, பிஸ்டல் எங்கே வாங்கலாம்?

உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். அடுத்த கேள்வி.

மண்டூர்: விரல் எங்கே இருக்க வேண்டும்?

சுடாமல் இடம் மாறும்போது விசைக்காப்புக்கு, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு, வெளியே, நடுவர் கண்ணுக்குத் தெரியும்படி. உள்ளே இருந்தால் அன்றைய போட்டி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். குழல் பின்பக்கம் திரும்பினாலும் அதேதான். இடப்பக்கம் ஓடும் வலக்கைக்காரருக்குத் தோட்டாக்கூடு மாற்றும்போது குழல் தானாகவே பின்னே திரும்பப் பார்க்கும். விரல், குழல். திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கல்முனை: ஓடிப்போய் நின்று சுடுவதா, நடந்தபடி சுடுவதா?

புள்ளியை நொடியால் வகுத்துத்தான் மதிப்பெண். 10 நொடியில் 60 புள்ளி என்றால் 6. நடந்தபடி சுட்டு 8 நொடியில் முடித்து, 4 புள்ளி இழந்து 56 எடுத்தாலும் 7. ஆனால் ஒரு வெடி இலக்கை முழுதாகத் தவறினால், அதன் புள்ளி போவதோடு தண்டமாக இன்னும் 10 கழியும். கிட்ட இருக்கும் பெரிய இலக்குக்கு நடந்தபடி சுடுங்கள். தூரத்துக்கு, பாதி மறைந்ததற்கு, நின்று சுடுங்கள்.

வந்தாறுமூலை, கூத்துப் பழக்கும் அண்ணாவியார்: தம்பி, நீர் சொல்வது தென்மோடி ஆட்டக்காரனின் நடை.

வாங்க அண்ணாவியார்! நம் கூத்தின் இரண்டு பாணியில் நான் மற்றதை, வடமோடியை அல்லவா நினைத்தேன்? கரப்புடுப்பை, அந்தக் கூடு போல விரிந்த பாவாடையை, கட்டிக்கொண்டு ஆடுகிறவன் இடுப்பை ஆட்டினால் உடுப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

அதே அண்ணாவியார்: வடமோடியில் துள்ளல் இருக்கு. துள்ளினால் உமது முன்குறி எங்கே நிற்கும்?

சரி, அது நியாயம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. கூத்தில் கால் மத்தளத்துக்குக் கட்டுப்பட்டது. இங்கே காலடித் தாளத்துக்கு வெடி வைத்தால் கெட்டது. முன்குறி சொல்லும்போதுதான் வெடி.

செங்கலடி: எங்கள் அப்பப்பா தென்மோடிக்காரர். அண்ணாவியார் சொல்வதுதான் சரி.

ஆரையம்பதி: வடமோடியைக் குறைத்துப் பேசாதீங்க!

அதைக் கூத்துக் களரியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்க வருகிறேன்.

ஏறாவூர்: பிஸ்டல் வாங்க எவ்வளவு முடியும்?

காத்தான்குடிக்குச் சொன்ன பதில்தான்.

திருக்கோவில்: படத்தில் மாதிரி துவக்கைச் சரித்துப் பிடித்தால்?

குறிபார்க்கும் முனைகளைத் துவக்கின் மேலே வைத்தது பார்ப்பதற்கு.

அக்கரைப்பற்று: வயலுக்கு வரும் யானையை விரட்ட என்ன வெடி நல்லது?

ஆனைவெடிக்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம் போங்கள். என் இலக்கு கடதாசி. அது திருப்பித் துரத்தாது.