வான்கூவர் போக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது. மன்னார்குடி பக்கம் முக்கால் வேலி (ஐந்து ஏக்கர்), ஆற்றுத் தண்ணீரை நம்பிய நிலம். மனைவி 60 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் கனடாவில் வான்கூவரை ஒட்டிய சர்ரேயில் வேலை பார்க்கிறாள். கடலும் மலையும் காடும் ஒரே இடத்தில் இருக்கும் ஊர், வருகிற ஜூலையில் வந்துவிடுங்கள் என்கிறாள். டிராவல்ஸில் 12 நாள் பேக்கேஜ் இருவருக்கும் 8.6 லட்சம் சொல்கிறார்கள். சேமிப்புக் கணக்கில் 2.2 லட்சம் இருக்கிறது. அக்டோபரில் முதிரும் எஃப்டி 3 லட்சம். மனைவி பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 10 லட்சம், போட்டு 14 மாதம் ஆகிறது. குறுவைக்கு 1.4 லட்சம் செலவு வரும். நகையை அடகு வைப்பதா, சேமிப்புத் திட்டத்தை உடைப்பதா, சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கிச் சமாளிப்பதா?

பதில்: மூன்றும் வேண்டாம். பயணத்தை அடுத்த மே மாதத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் உங்கள் பணமே போதுமான அளவு சேர்ந்துவிடும்.

முதலில் நகைக்கடன். 4 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 38,000 ரூபாய். வட்டியைவிடத் தொந்தரவு தவணைத் தேதியில் இருக்கிறது. பெரும்பாலான நகைக்கடனில் 12 மாதம் முடியும்போது அசலும் வட்டியும் சேர்த்து மொத்தமாகக் கட்ட வேண்டும். ஜூனில் வைத்தால் அடுத்த ஜூனில் கெடு. சம்பா பணம் மாசி, பங்குனியில் வந்து செலவாகியிருக்கும். குறுவைக்கு உழவு, நாற்று, நடவு என்று பணம் வயலுக்குள் போய்க்கொண்டிருக்கும் நேரம் அது. டெல்டாவில் நகை மறு அடகுக்குப் போவதும் ஏல நோட்டீஸ் வருவதும் பெரும்பாலும் இப்படித் தேதி தவறி வைத்த கடனில்தான்.

சேமிப்புத் திட்டத்தில் பகுதியாக எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டு முடியாததால் 1.5 சதவீதம் பிடித்தம், அதாவது 15,000 ரூபாய். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு வரும் 20,500 ரூபாயும் நின்றுபோகும்.

பயிர்க்கடன்தான் பலருக்கும் ஆசை காட்டுவது. கூட்டுறவில் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை அல்லவா! ஆனால் அது பயிருக்கென்று கொடுக்கும் பணம். அதை விமான டிக்கெட்டுக்குப் போட்டுவிட்டு நடவுக்கு வெளியில் வட்டிக்கு வாங்கினால், வட்டியில்லாக் கடனை நீங்களே வட்டிக் கடனாக மாற்றிக்கொள்கிறீர்கள். தவணை தப்பினால் சலுகை போகும், அடுத்த போகத்துக் கடனும் இழுபறியாகும்.

இனி மே மாதக் கணக்கு. சேமிப்புத் திட்ட வட்டி ஜூலை 1, அக்டோபர் 1, ஜனவரி 1, ஏப்ரல் 1 என்று நான்கு முறை வரும்: 82,000. அக்டோபரில் எஃப்டி 3 லட்சமும் அதன் வட்டியும். இரண்டையும் மனைவி பெயரில் தனிக் கணக்கில் வையுங்கள். குறைவது அதிகம் போனால் 70,000; அதைக் கொள்முதல் நிலையத்திலிருந்து சம்பா நெல்லுக்கு வரும் பணத்தில் போடலாம். சேமிப்புக் கணக்கின் 2.2 லட்சத்தில் 1.4 லட்சம் குறுவைக்கு. மீதியைத் தொட வேண்டாம்.

மொத்தம் 4.5 லட்சம் போதும் என்பது இப்படி. கனடா டாலரை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். விசாக் கட்டணம் ஒருவருக்கு 100 டாலர், கைரேகைக்கு 85. இருவருக்கும் 370 டாலர், 24,050 ரூபாய். மொழிபெயர்ப்பு, நோட்டரி, சென்னை போய்வரும் செலவு 8,000. டிக்கெட்டுக்கு ஆளுக்கு 1.25 லட்சம் ஒதுக்குங்கள். காப்பீடு 25,000. அங்கே ஒரு மாதக் கைச்செலவு 2,000 டாலர், 1.3 லட்சம். குளிர் உடுப்புக்கும் சில்லறைக்கும் மீதி 13,000. தங்குவது மகள் வீட்டில். பேக்கேஜில் பெரும்பங்கு ஓட்டலுக்கும் வண்டிக்கும்தான் போகிறது. பேக்கேஜில் இன்னொரு சங்கடமும் உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ் (விற்பவர் முன்கூட்டியே வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில்தான் நிற்கும், ஆனால் திரும்ப வாங்க வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். விவசாய வருமானம் மட்டும் உள்ளவர்கள் பலரும் தாக்கல் செய்வதில்லை, பணம் அப்படியே கிடக்கிறது. நீங்களே அந்நியச் செலாவணி வாங்கினால் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை டி.சி.எஸ் இல்லை.

மே ஏன்? ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே மழை குறைவு, ஊர் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் வருவதும் அப்போதுதான். டிக்கெட் விலை ஏறும், உங்கள் நடவும் அப்போதுதான். மே மாதப் பகல் வெப்பம் 17 டிகிரி போல இருக்கும், இரவு எட்டரை வரை வெளிச்சம். மலை உச்சியில் பனி மிச்சம் இருக்கும், அதையும் பார்த்துவிடலாம். மே முதல் வாரம் கிளம்பி ஜூன் முதல் வாரம் திரும்பினால், மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன் வீட்டில் இருப்பீர்கள்.

விசாவில் நம்மவர்கள் சறுக்கும் இடம் வங்கிக் கணக்கு. ஆறு மாதப் பரிவர்த்தனையைப் பார்ப்பார்கள். விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் திடீரென்று 5 லட்சம் வந்து விழுந்தால், அது யாருடைய பணம் என்ற கேள்வி வரும். நகையை அடகு வைத்துக் கணக்கை நிரப்புவது அதனால் விசாவுக்கும் உதவாது. எஃப்டி முதிர்வு, காலாண்டு வட்டி, நெல் பணம், பென்ஷன் என்று ஒவ்வொன்றும் அதனதன் தேதியில் ஏறியிருக்கும் கணக்குதான் பேசும். வரித் தாக்கல் இல்லாவிட்டால் பட்டா, சிட்டா, அடங்கல், நெல் கொள்முதல் ரசீது வையுங்கள். தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் சேர்க்க வேண்டும். திரும்பி வருவீர்கள் என்பதற்கு நிலத்தைவிட நல்ல சாட்சி இல்லை. மகளின் அழைப்புக் கடிதம், சம்பளச் சான்று, அங்கே தங்கியிருக்கும் தகுதிக்கான ஆவணம் மூன்றும் ஒன்றாகப் போகட்டும். ஜனவரியில் விண்ணப்பித்துவிடுங்கள். விசா வந்த பிறகே டிக்கெட்.

டிக்கெட் முழுப் பயணத்துக்கும் ஒரே பி.என்.ஆர் எண்ணில் இருக்கட்டும். திருச்சி–சிங்கப்பூர் தனி, அங்கிருந்து வான்கூவர் தனி என்று போட்டால் சில ஆயிரம் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பே கிடையாது, புது டிக்கெட் உங்கள் தலையில். சியாட்டில், சான்பிரான்சிஸ்கோ வழி மலிவாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள்: விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும்.

காப்பீட்டில் கஞ்சத்தனம் கூடாது. வான்கூவர் இருக்கும் மாகாணத்தின் அரசு மருத்துவத் திட்டம் சுற்றுலா வருபவர்களுக்குப் பொருந்தாது, முழு பில்லும் உங்களுடையது. இணையத்தில் மலிவாக வரும் பாலிசி பல, ‘அமெரிக்கா, கனடா நீங்கலாக’ என்ற வகை. அந்த ஒரு வரியைப் பாருங்கள். ஒரு லட்சம் அமெரிக்க டாலராவது தொகை இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதி, அதற்கும் சேர்த்துக் கிடைக்கும் பாலிசியாக எடுங்கள்.

பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில் கனடா டாலராக ஏற்றுங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் 3.5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம் போகும். கடை மெஷின் ‘ரூபாயா, டாலரா’ என்று கேட்டால் டாலரை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிக்கொள்வார்கள். செலாவணி முகவரிடம் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுக்க முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும்.

அங்கே கடையில் ஒட்டியிருக்கும் விலை கடைசி விலை அல்ல. பெரும்பாலான பொருளுக்கு பில்லில் 12 சதவீத வரி ஏறும். அரிசி, காய்கறி, பாலுக்கு இல்லை. ஓட்டலில் 20 டாலர் சாப்பாட்டுக்கு 1 டாலர் வரி, குறைந்தது 3 டாலர் டிப்ஸ்: 24 டாலர், நம் காசில் 1,560. சமையலை மகள் வீட்டில் வைத்துக்கொண்டால் 2,000 டாலரில் பாதியாவது சுற்றிப் பார்க்க மிஞ்சும்.

அந்த மிச்சத்தையும் பார்த்துச் செலவழியுங்கள். ஸ்டான்லி பார்க் ஏறத்தாழ 1,000 ஏக்கர், நம் கணக்கில் 150 வேலி காடு. கடலோரச் சுவரை ஒட்டி 9 கிலோமீட்டர் நடைபாதை, நுழைவுக் கட்டணம் கிடையாது. கப்பிலானோ தொங்குபாலம் 140 மீட்டர் நீளம், 70 மீட்டர் உயரம். ஆளுக்கு ஏறத்தாழ 70 டாலர். லின் கேன்யனில் 50 மீட்டர் உயரத்தில் இன்னொரு தொங்குபாலம், இலவசம். லின் போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் 140 டாலரை க்ரவுஸ் மலைக்குக் கேபிள் காரில் ஏறப் போடுங்கள். சர்ரேயிலிருந்து நகருக்கு ரயில் மூன்று மண்டலக் கட்டணம். வார நாளில் மாலை ஆறரைக்குப் பிறகும் சனி, ஞாயிறு முழுதும் ஒரு மண்டலக் கட்டணமே. கடலைக் கடக்கும் சீபஸ் படகுக்கும் அதே டிக்கெட், 12 நிமிடப் பயணம். 6 டாலர் முன்பணம் கட்டி, ரயில், படகுக் கட்டணத்துக்கான காம்பஸ் கார்டு வாங்குங்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று. இருவர் பாஸ்போர்ட்டிலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். விசா பத்தாண்டு வரை கிடைக்கலாம், ஆனால் பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டாது. ஓராண்டுக்குள் முடிவதாக இருந்தால் முதலில் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை மகளைப் பார்க்க இருவருக்கும் இன்னொரு 200 டாலர் விசாக் கட்டணம்.