ராத்திரி முதுகு வலி: மூன்று வயதுப் பையன், எக்ஸ்ரே நார்மல்

கோத்தகிரி சகோதரிக்கு,

பையன் சில வாரமாக நடுராத்திரியில் முதுகு வலியென்று அழுகிறான், பகலில் விளையாடுகிறான், எக்ஸ்ரே நார்மல், பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டுவடக் கட்டி, அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டில் வரும் கட்டி, குழந்தைகளுக்கு அபூர்வம்தான். ஆனாலும் படுத்தால் கூடும் முதுகு வலியை வளர்ச்சி வலி என்று விட்டுவிடாதீர்கள். வளர்ச்சி வலி கால்களில்தான் வரும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது.

தண்டுவடக் கோளாறின் அடையாளம் இருக்கிறதா என்று வீட்டிலேயே கவனியுங்கள். தரையில் பொம்மையைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். முதுகை வளைக்காமல் விறைப்பாகக் குந்தி எடுக்கிறானா? வலது கையால் சாப்பிட்டவன் இடது கைக்கு மாறினானா? கழுத்து ஒரு பக்கம் சாய்கிறதா? டாய்லெட் பழகியவன் மறுபடி நனைக்கிறானா, புதிதாக மலச்சிக்கலா? நெஞ்சுப் பகுதி நரம்புகள் வயிற்றைச் சுற்றி வருவதால் இந்த வலி வயிற்று வலியாகவும் தெரியும்; பூச்சி என்று நினைப்பது அதனால்தான். வீட்டுப் படிக்கட்டில் அவன் ஏறி இறங்குவதை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், கிளினிக்கில் குழந்தை நடந்து காட்டாது.

கேட்க வேண்டியது முழு முதுகுத்தண்டுக்கும் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் சாய மருந்தோடு. இடுப்புக்கு மட்டும் எடுத்தால் மேலே இருப்பது தப்பிவிடும். மயக்கம் கொடுப்பார்கள்: சாப்பாடும் பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்தணும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. பட்டினியோடு மலைப்பாதையில் இறக்காமல் முந்தைய நாளே கோவை போய்விடுங்கள்.

எண்ணெய் போட்டு முதுகை நீவவோ சுளுக்கு எடுக்கவோ வேண்டவே வேண்டாம். கால் துவண்டாலோ சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே 108.