தம்பியை எந்த வேலைக்கு அனுப்புவது?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ஐஸ் போதைப்பொருள் பழக்கத்துக்கு ஆளாகி, புனர்வாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு வந்து நான்கு மாதமாகிறது. திரும்பத் தொடவில்லை. ஆனால் வேலையில்லாமல் வீட்டிலேயே கிடக்கிறான். மாமா தன் படகில் இரவுத் தொழிலுக்குக் கூப்பிடுகிறார். அம்மாவோ கடன்பட்டாவது கட்டாருக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். முன்பு படகு எஞ்சின் திருத்தும் கடையொன்றில் இரண்டு வருடம் நின்றவன். என்ன செய்யலாம்?
– ஓர் அக்கா, திருகோணமலை

பதில்: அன்புள்ள தங்கச்சி,

நான்கு மாதம் தொடாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கட்டார் இப்போது வேண்டாம். கடன், தனிமை, புது ஊர் மூன்றையும் ஒன்றாக அவன் தலையில் ஏற்றாதீர்கள். அங்கே சறுக்கினால் சிறைதான். மாமாவின் மனம் பெரிது, ஆனால் இரவுக்கடல் இவனுக்குச் சரிவராது. ஐஸை விட்டவர்களுக்கு நித்திரை சீராக மாதக்கணக்கில் ஆகலாம். கண்விழித்து வேலை செய்வதற்காகவே அதைத் தொட்டவர்களும் உண்டு. அப்புறம், மீன் விற்ற பங்குக் காசு அன்றன்றே கையில் வரும். அதுவும் இப்போது நல்லதல்ல.

நான் சொல்வது அந்த எஞ்சின் கடையைத்தான். காபரேட்டரைக் கழற்றிக் கழுவி, உப்பேறின பிளக்கை மாற்றி, எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி ஓடவிட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத் திருகோணமலையில் வேலைக்குப் பஞ்சமில்லை. பகல் வேலை, கண்முன்னே பலன். ஆரம்பத்தில் கவனம் சிதறும், மறதி வரும். அதைச் சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு அரைநாள் போதும்.

அவனுடைய அனுபவத்துக்குக் கடுதாசியும் எடுக்கலாம். வகுப்புக்குப் போகாமலே, கைவேலையைப் பரீட்சித்து என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, பயிலுநர் பயிற்சி தரும் அரச நிறுவனமான நைட்டாவிலோ கேளுங்கள். கடையில் நின்றுகொண்டே பயிலுநராகப் பதியவும் நைட்டாவில் வழியுண்டு. எங்கே தொடங்குவது என்று குழம்பினால் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பழைய முதலாளியிடம் இரண்டு வருடம் வேலை செய்ததற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் நல்லது.

முதலாளியிடம் பழைய கதையை மறைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். நம் ஊரில் அது எப்படியும் அவர் காதுக்குப் போகும். தம்பியே சொன்னால் மரியாதை. கிளினிக் நாளில் லீவு வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது முதல் சம்பள நாள்தான். கையில் காசு வந்ததும் பழைய கூட்டாளிகள் தேடி வருவார்கள். செலவுக்குக் கொஞ்சம் கையிலும் மிச்சம் வங்கியிலும் போக அவனே சம்மதித்து ஏற்பாடு செய்யட்டும். நீங்கள் பறித்து வைத்தால், சட்டைப்பையைத் துழாவினால், கோபம்தான் மிஞ்சும். ஒருநாள் தவறிவிட்டால் வேலையை நிறுத்தி வீட்டில் பூட்டாதீர்கள். அன்றைக்கே பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அல்லது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு எடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அம்மாவின் விருப்பம் இருக்கிறது, மாமாவின் விருப்பம் இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. கடைக்காரரைப் பார்க்கப் போகுமுன் அவனிடம் கேளுங்கள்.