வேதம் வாசிக்க உட்கார்ந்தால் மனம் ஒட்டவில்லை, விட்டுவிடலாமா?

தினமும் வேதாகமத்தைத் திறந்து உட்காருகிறேன், பத்து நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது, வாசித்தது எதுவும் நிற்பதில்லை, இதில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேதத்தை விடாதீர்கள். வாசிக்கிற விதத்தை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.

நானும் ஓராண்டு அட்டவணையோடுதான் தொடங்கினேன். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஆதியாகமம் வேகமாக ஓடியது. யாத்திராகமத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் வேகம் குறைந்தது, லேவியராகமத்தில் நின்றே போனது. காய்ச்சலில் நாலு நாள் விட்டால் 13 அதிகாரம் பாக்கி. அந்தப் பாக்கியை நினைத்தாலே புத்தகத்தைத் திறக்க மனம் வராது. கர்த்தரோடு உட்காருகிற நேரம் கடன் அடைக்கிற நேரமாகிவிட்டது. மூன்று வருடம் இப்படியே போனது.

அப்புறம் அட்டவணையை எடுத்து வைத்துவிட்டு ஒரு நோட்டு வாங்கினேன். நாளுக்குப் பத்துப் பதினைந்து வசனம், அதையும் கையால் எழுதுவது. எழுதும்போது மனம் அவ்வளவாக அலைவதில்லை. புரியாத இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு மேலே போய்விடுவேன். பதில் அன்றைக்கே கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை.

முதலில் தாவீதின் கதையை எடுத்தேன். 2 சாமுவேல் 6-இல், பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளுக்கான உடன்படிக்கைப் பெட்டியைப் புது வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். மாடுகள் இடறுகின்றன. ஊசா கையை நீட்டிப் பெட்டியைப் பிடிக்கிறான், அங்கேயே செத்துப்போகிறான். விழாமல் தாங்கத்தானே பிடித்தான், அவனுக்கு ஏன் இப்படி? ஓரத்தில் எழுதி வைத்த அந்தக் கேள்வி பல மாதம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு எண்ணாகமம் 7-க்கு வந்தேன். 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் ஒரே மாதிரியான காணிக்கையைக் கொண்டுவர, அதே பட்டியல் பன்னிரண்டு முறை வருகிற அதிகாரம். முன்பெல்லாம் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப் போவேன். எழுதும்போதோ தொடக்கத்திலேயே கை நின்றது. ஆசரிப்புக் கூடாரத்தைச் சுமக்கிற லேவியருக்காக மோசேயிடம் ஆறு வண்டி, பன்னிரண்டு மாடு வருகிறது. அந்த லேவியரில் கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டி, நான்கு மாடு. மெராரி புத்திரருக்கு நான்கு வண்டி, எட்டு மாடு. கோகாத்தின் புத்திரருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்பதாம் வசனம் காரணம் சொல்கிறது: உடன்படிக்கைப் பெட்டி போன்ற பரிசுத்தமானவற்றை அவர்கள் தோளில்தான் சுமக்க வேண்டும்.

எனக்கு ஊசா நினைவுக்கு வந்தான். தோளில் வர வேண்டிய பெட்டி வண்டியில் வந்திருக்கிறது! அந்த மாடுகளே அங்கே இருந்திருக்கக் கூடாது. உடனே 1 நாளாகமம் 15-ஐத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த முறை தாவீது பெட்டியை லேவியரின் தோளில்தான் கொண்டுவரச் செய்கிறார். ஊசாவின் சாவு இன்றும் எனக்குப் பாரமான பகுதிதான். ஆனாலும் நான் சலித்துத் தாண்டிப்போன இடத்திலேயே என் கேள்விக்குப் பாதிப் பதில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

மனம் வறண்டு கிடப்பதை விசுவாசக் குறைவு என்று எண்ணி வருந்தாதீர்கள். வேதத்தின் மேலுள்ள ஆசையை 176 வசனங்களில் பாடுகிறவரே 119-ஆம் சங்கீதத்தின் 25-ஆம் வசனத்தில், “என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது” என்று சொல்கிறார். சொல்லிவிட்டு, “உமது வசனத்தின்படி என்னை உயிர்ப்பியும்” என்று கேட்கிறார். எதுவும் ஓடாத நாட்களில் அந்த ஒரு வரியை மட்டும் ஜெபமாகச் சொல்லிவிட்டு எழுந்திருக்கிறேன். அதுவும் தியானம்தான்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் 1995-இல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் யாரிடமாவது கேட்கவும் தயங்க வேண்டாம். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துப் புரியாமல், பிலிப்புவைத் தன் ரதத்தில் ஏறி உட்காரச் சொல்லித்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நாளைக்குப் பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் போதும். ஒரே அதிகாரம், 25 வசனம். கையால் எழுதுங்கள். 18-ஆம் வசனத்தில் பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவின் கடனை யார் கணக்கில் வைக்கும்படி பவுல் சொல்கிறார் என்று பாருங்கள், அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.