ஐந்து பேரில் ஒருத்திதானே?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஏழு வயதிலிருந்து ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (வளையம், பந்து, ரிப்பன் வைத்து இசைக்கு ஆடுவது) பழகுகிறாள், இப்போது கிளப்பின் குழுவில் ஆடுகிறாள். சென்ற ஆண்டு வெளிநாட்டில் நடந்த ஓர் ஆசியப் போட்டியில் மூன்றாவதாக வந்தார்கள். தீபாவளிக்கு வந்த என் கணவரின் அண்ணன் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஐரோப்பாக்காரங்க இல்லாத போட்டியில ஜெயிச்சது ஒரு ஜெயிப்பா?" என்று சிரித்தார். அதிலிருந்து இவருக்கும் மனம் விட்டுப்போய்விட்டது. மாமியாரும் படிப்பைப் பார்க்கட்டும் என்கிறார். மகன் இந்த ஆண்டு பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்பிஎம் எழுதுகிறான், வீட்டில் அமைதி வேண்டும். அடுத்த போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான், கோச்சிடம் இன்னும் சொல்லவில்லை. தனியாக ஆடினால்கூட யோசிக்கலாம், இவள் ஐந்து பேரில் ஒருத்திதானே, ரிசர்வ் பிள்ளையும் இருக்கிறது. நிறுத்திவிடலாமா? இந்தப் போட்டிகளுக்கெல்லாம் உண்மையில் மதிப்பு உண்டா?
ஒரு தாய், கிள்ளான்

பதில்: இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதத்துக்கு இரண்டாவது வந்துவிடும். நீச்சல், பரதம், பேட்மிண்டன் என்று பெயர் மாறும், தீபாவளிக்கு வருகிற பெரியப்பா மட்டும் மாறவே மாட்டார்.

மதிப்பு உண்டா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். இந்த விளையாட்டு பிறந்ததும் வளர்ந்ததும் ஐரோப்பாவில்தான், முதல் உலகப் போட்டியே 1963-ல் புடாபெஸ்டில் நடந்தது, அந்த அளவுக்குப் பெரியப்பா சொன்னதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் 1978-லேயே மற்ற நான்கு கண்டங்களுக்கென்று தனியாகப் போட்டி வைக்க ஆரம்பித்தார்கள். ஆட இடம் கிடைக்காதவள் எப்படி ஆடிப் பழகுவாள்? 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ரிதமிக்கைச் சேர்த்தபோது தங்கம் வாங்கியவர் கனடாவின் லோரி ஃபங். சோவியத்தும் பல்கேரியாவும் புறக்கணித்த ஒலிம்பிக் அது. கனடாவிலும் யாராவது ஒரு பெரியப்பா, அவங்க வரலையே, அதனாலதானே என்று சொல்லியிருப்பார். வராதவர்கள் வரவில்லை, வந்தவர் வாங்கினார், பதிவேட்டில் இருப்பது அவர் பெயர்தான்.

குழுப் போட்டி ஒலிம்பிக்கில் 1996-ல் வந்தது. ஸ்பெயின் ஒருமுறை, ரஷ்யா ஐந்து முறை, பல்கேரியா ஒருமுறை என்று முதல் ஏழு தங்கமும் ஐரோப்பாவை விட்டு நகரவில்லை. எட்டாவதை 2024-ல் பாரிஸில் சீனா தூக்கிக்கொண்டு போனது, இத்தாலிக்கு வெண்கலம்தான் கிடைத்தது. சீனா எந்தக் கண்டம் அம்மா? பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஜப்பானும் உஸ்பெகிஸ்தானும் கஜகஸ்தானும் அதே கண்டம்தான். அவ்வளவு தூரம் போவானேன், 1998-ல் நம் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ரிதமிக் அணித் தங்கம் மலேசியாவுக்குத்தான் வந்தது. அந்த அணியில் ஒருவர் சரீனா சுந்தர ராஜா.

அணியில் ஒருவர். சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

"ஐந்து பேரில் ஒருத்திதானே." இதை நீங்கள் யோசித்து எழுதவில்லை, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏழு வருடமாக மகளைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களே, ஒரு நாளாவது உள்ளே உட்கார்ந்து பார்த்தீர்களா? 13 மீட்டருக்கு 13 மீட்டர் விரிப்பு, ஐந்து பெண்கள், இரண்டரை நிமிடம். ஒருத்தி வளையத்தைக் கூரைக்கு எறிகிறாள், அது தனக்காக எறிந்தது இல்லை, அந்த மூலையில் இருப்பவளுக்கு. அந்த மூலைக்காரி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதுகூட இல்லை, தரையில் உருண்டு எழுகிற நேரத்தில் வளையம் காலிலோ கையிலோ வந்து விழ வேண்டும். அவள் பிடிப்பதற்குள் இவள் வேறொருத்தி எறிந்ததை வாங்க ஓடியாக வேண்டும். இதில் யாரைக் கழித்துவிட்டு மிச்சம் நாலு என்று கணக்குப் போடுவீர்கள்? ஒருத்தி இல்லையென்றால் நாலு பேர் ஆட மாட்டார்கள், ஒரு வளையம் ஆளில்லாத இடத்தில் விழும், போகிற மதிப்பெண் ஐந்து பேருக்கும் போகும்.

ரிசர்வ் இருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பிள்ளை, யாருக்காவது கால் சுளுக்கினால் இறங்குவதற்கு இருக்கிறாள். உங்கள் வீட்டுப் பெரியப்பா வாயைத் திறந்தால் இறங்குவதற்கு இல்லை.

அப்புறம் இன்னொரு கணக்கு. உங்கள் கடிதத்தை மறுபடி படித்து எண்ணிப் பார்த்தேன். கணவர், மாமியார், மகன், மகள், நீங்கள். உங்கள் வீட்டிலும் ஐந்து பேர்தான். நாளைக் காலையில் நீங்கள் எழுந்திருக்காமல் போர்த்திக்கொண்டு படுத்துவிடுங்கள், ஐந்து பேரில் ஒருத்திதானே, மற்ற நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று. மாமியாரின் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, ஒன்பது மணிக்குள் வீடு ரெண்டாகிவிடும். இது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மகளைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறீர்கள், ஏனென்றால் உங்களைப் பற்றியும் அந்த வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் திட்டி எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

நான் பழைய காலத்து ஆள். குடும்பம் என்றால் பெரியவர் சொல்லுக்கு அடங்குவது என்று வளர்ந்தவள், இன்றைக்கும் அதில் பாதியை நம்புகிறேன். ஆனால் என் அப்பா ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால் காய்ச்சலோடாவது போய் நின்றுவிட்டுத்தான் வருவார். வாக்குக் கொடுத்த இடத்தில் நிற்பதைப் பிள்ளைக்கு வீட்டில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும், நீங்களோ மூன்று வாரம் இருக்கும்போது நழுவுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கப் பார்க்கிறீர்கள். அதுவும் கோச்சிடம் வாயைத் திறக்காமல். மற்ற நாலு பெண்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களும் டிக்கெட்டுக்கு ரிங்கிட் ரிங்கிட்டாகச் சேர்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

பணக் கஷ்டம் என்றால் பணக் கஷ்டம் என்று எழுதியிருப்பீர்கள், அதற்கு வேறு பதில் சொல்லியிருப்பேன். மகளுக்கே பிடிக்கவில்லை என்றால் அதுவும் வேறு. அவள் என்ன சொல்கிறாள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

மகனின் பரீட்சைக்காக மகள் மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தால் என்ன அமைதி வரும் என்பதும் எனக்குப் புரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் எவன் படிப்பான்?

இந்தப் போட்டிக்கு அவள் போகட்டும். திரும்பி வந்ததும், நிறுத்துவதா வேண்டாமா என்று அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எஸ்தெடிக் குரூப் என்று ஒன்று இருக்கிறது, கருவி ஏதும் இல்லாமல் ஆறிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து ஆடுவது, பின்லாந்துப் பக்கம் வளர்ந்தது, பெரிய பெண்களான பிறகும் ஆடுகிறார்கள். ஒருவேளை அவளுக்கு அது பிடிக்கலாம். அப்போது பத்துப் பேரில் ஒருத்திதானே என்று எனக்கு எழுதாதீர்கள்.

இந்த வாரம் ஒரு நாள் பயிற்சி முடியும்வரை உள்ளே உட்காருங்கள். வளையத்தைப் பார்க்காதீர்கள், எறிந்த பிறகு உங்கள் மகள் எந்தப் பக்கம் ஓடுகிறாள் என்று பாருங்கள். கணவரையும் கூட்டிப்போங்கள். காரில் இடம் இருந்தால் பெரியப்பாவையும்.